இரவல் மனையில் சொந்த வீடு

எங்கள் கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தின் அலமாரியில் அட்டை கிழிந்த மடக்கை அட்டவணைகள் நாலைந்து இன்னும் கிடக்கின்றன. கணிப்பான்கள் வந்தபின் அவற்றைத் தொடுவார் இல்லை. ஆயினும் ஒன்றைக் கையில் எடுத்து 2இன் மடக்கை என்னவென்று பாருங்கள், 0.3010 என்று இருக்கும். யாரோ ஒருவர் ஒரே ஒருமுறை கணக்கிட்டார், அச்சிட்டார்கள். அதன்பின் எத்தனை ஆயிரம் மாணவர்கள் பார்த்தாலும் மறுபடி கணக்கிட வேண்டிய தேவை எழவில்லை.

வலைத்தளங்களிலும் இத்தகைய இரு வகை உண்டு. ரயில் பயணச் சீட்டுப் பதிவு செய்யும் தளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கேட்கும் ஒவ்வொரு முறையும் அது தன் தரவுத்தளத்தைத் தேடி, எத்தனை இடம் காலி என்று அப்போதைக்கப்போது கணக்கிட்டு, உங்களுக்கென்று ஒரு பக்கத்தைச் செய்து அனுப்புகிறது. இது கணிப்பான் போன்றது. மற்றொரு வகையில் பக்கங்கள் முன்கூட்டியே எழுதி முடித்து வைக்கப்பட்டிருக்கும். கேட்டவர் யாராயினும் அதே கோப்பு அப்படியே போய்ச் சேரும். இது மடக்கை அட்டவணை போன்றது. இதனையே நிலைத்தளம் என்கிறோம்.

நிலைத்தளம் என்பது ஏழைகளுக்கென்று பின்னாளில் வந்த மலிவுச் சரக்கு அன்று. 1990ஆம் ஆண்டின் இறுதியில் ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ உருவாக்கிய உலகின் முதல் வலைத்தளமே நிலைத்தளந்தான். துகள் இயற்பியலாளர்கள் தங்களுக்குள் குறிப்புகளைப் பரிமாறிக்கொள்வதற்காகப் பிறந்தது அது. (இயற்பியல் ஆசிரியர்கள் சற்றுப் பெருமைப்பட்டுக்கொள்ள இதில் இடமுண்டு.) 2013இல் செர்ன் அப்பழைய பக்கங்களைத் தேடியெடுத்து மீண்டும் பழைய முகவரியிலேயே வைத்தது. இன்றைய உலாவிகளும் அவற்றைத் தடங்கலின்றிக் காட்டுகின்றன. முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய கணினிப் பொருள் ஒன்று பழுதுபார்க்கப்படாமலே இன்றும் இயங்குகிறது என்பது சாதாரணச் செய்தியா?

சென்ற ஆண்டு இளநிலை மூன்றாம் ஆண்டு மாணவர்கள் இருவர் என்னிடம் வந்து, "சார், செய்முறைக் குறிப்புகளை நெட்டில் போட்டுவிடலாமா?" என்று கேட்டார்கள். தமிழ்வழி மாணவர்களுக்கு நிறமாலைமானிச் சோதனையைப் படிப்படியாக விளக்கும் நல்ல குறிப்பு கிடைப்பது அரிது. ஆண்டுதோறும் ஒளிநகல் எடுத்த தாள்கள் கை மாறி, எழுத்துகள் தேய்ந்து, கடைசியில் ஒளிவிலகல் எண்ணின் சூத்திரமே தெரியாமற் போய்விடுகிறது. ஆகவே போடலாம் என்றேன். செலவின்றிப் போட வேண்டும் என்பது நிபந்தனை. அவர்கள் கற்று வந்த வழி, இன்று பயிற்சி வகுப்புகளிலும் பாடநூல்களிலும் பரவலாகச் சொல்லப்படும் வழியேதான்: கிட்ஹப் பேஜஸ் என்ற இலவச இடம், அதில் பக்கங்களை ஆக்கித் தரும் ஜெகில் என்ற மென்பொருள். இவ்விரண்டையும் எடைபோட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஓர் ஐயம் எழலாம். ஒரு வணிக நிறுவனம் ஏன் இலவசமாக இடம் தர வேண்டும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். கிட்ஹப் பேஜஸில் ஒரு தளம் ஒரு கிகாபைட்டுக்கு மேற்படலாகாது. மாதத்துக்கு 100 கிகாபைட் அளவுக்குள் தகவல் வெளிச்செல்லலாம் என்பது மெத்தனமான ஓர் எல்லை. யுனிகோடு முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் பிடிக்கும். 'தமிழ்' என்ற சொல்லில் த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள். ஆக 15 பைட். சொல்லுக்குச் சராசரியாக எட்டுக் குறிகள், ஓர் இடைவெளி என்று கொண்டால் 25 பைட். 1,500 சொற்கள் கொண்ட குறிப்பு 37,500 பைட். பக்க அமைப்புக் குறியீடுகளையும் சேர்த்து 40,000 பைட் என்போம். 100 கிகாபைட்டை இதனால் வகுத்தால் 25 லட்சம் வருகிறது. மாதம் 25 லட்சம் முறை அந்தப் பக்கத்தைப் படிக்கலாம்! சுருக்கி அனுப்பும் வசதியையும் சேர்த்தால் எண்ணிக்கை இன்னும் கூடும். கணக்கிட வேண்டாம், தரவுத்தளத்தைத் தேட வேண்டாம், கோப்பை எடுத்து நீட்டினால் போதும் என்னும்போது நிறுவனத்துக்கு ஆகும் செலவு அற்பம். அதற்கு ஈடாக நாளைய நிரலாளர்கள் அனைவரும் அதன் வாசலில் பழகுகிறார்கள். தானமும் அன்று, சூழ்ச்சியும் அன்று, வணிகம்.

இதே கணக்கின் மறுபக்கத்தையும் பாருங்கள். கைப்பேசியில் எடுத்த புகைப்படம் ஒன்று 4 மெகாபைட் இருக்கிறது. அது மேற்சொன்ன குறிப்பைப் போல் நூறு மடங்கு. ஒரே பக்கத்தில் பத்துப் படங்களைச் சிறிதாக்காமல் வைத்தால் 25 லட்சம் என்பது 2,500 ஆகிவிடும். 500 மாணவர்கள் ஐந்து முறை பார்த்தால் தீர்ந்தது. எங்கள் மாணவர்கள் முதலில் செய்தது இதையேதான். முப்பட்டகத்தின் படத்தைக் கையால் கோடு போட்டு வரைந்து வைத்திருந்தால் 10 கிலோபைட்டில் முடிந்திருக்கும். விளக்கமும் தெளிவாக இருந்திருக்கும்.

கிட்ஹப் பேஜஸின் நற்குணத்தை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். 2008இல் வந்தது, இன்றும் நடக்கிறது. பக்கங்களை உங்கள் கணினியிலேயே எழுதி ஒரு கோப்புறையில் வைத்துக்கொள்கிறீர்கள். கணக்குத் தொடங்கி, களஞ்சியம் ஒன்றைத் திறந்து, உலாவி வழியாகவே கோப்புகளை இழுத்துப் போடலாம். அமைப்புகள் பகுதியில் 'பேஜஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்துச் சேமித்தால் சில நிமிடங்களில் முகவரி தயார். விளம்பரம் ஒட்டுவதில்லை. பாதுகாப்பான இணைப்புக்கும் தனிக் கட்டணம் இல்லை. எழுதத் தெரிந்த எவரும் ஒரு பிற்பகலில் முடித்துவிடலாம்.

ஆயின் எங்கள் மாணவர்களுக்கு மூன்று வாரம் பிடித்தது. ஏன்?

இங்கேதான் என் முதல் குறை. பயிற்சி வகுப்புகள் இப்பிற்பகல் வேலையைக் கற்றுத் தருவதில்லை. எடுத்த எடுப்பில் ஜெகிலைக் கற்றுத் தருகின்றன. ஜெகில் ஓர் அச்சுக்கூடம் போன்றது. டாம் பிரஸ்டன்-வெர்னர் 2008இல் வெளியிட்டார். வெறும் உரையையும் ஒரு வார்ப்பையும் கொடுத்தால், எல்லாப் பக்கங்களுக்கும் ஒரே தலைப்பும் ஒரே அடிப்பகுதியும் வைத்து அச்சடித்துத் தரும். முந்நூறு கட்டுரை எழுதுபவருக்கு இது வரப்பிரசாதம். எங்களுக்கு வேண்டியிருந்ததோ ஒன்பது பக்கங்கள்! ஒன்பது துண்டுப் பிரசுரத்துக்காக ஓர் அச்சுக்கூடத்தை விலைக்கு வாங்குவார் உண்டா?

ஜெகிலை நிறுவ ரூபி என்ற நிரல்மொழி வேண்டும். அதன் பதிப்புகள் ஒன்றோடொன்று ஒத்துவர வேண்டும். 2019இலேயே ஜெகிலின் நான்காம் பதிப்பு வந்துவிட்டது. கிட்ஹப் பேஜஸ் தானாக அச்சடித்துத் தரும் பழைய வழியிலோ 2024இல்கூட மூன்றாம் பதிப்பு வரிசைதான். மாணவரின் கணினியில் நான்கு, அங்கே மூன்று. இங்கே சரியாக வந்தது அங்கே வரவில்லை. கீழ்க்கோட்டில் தொடங்கும் பெயருடைய கோப்புறைகளை ஜெகில் வெளியிடுவதே இல்லை. அது அதன் விதி. படங்களை அப்படியொரு கோப்புறையில் வைத்த மாணவி இரண்டு நாள் தேடினாள். நீங்கள் ஜெகிலைக் கேட்காவிட்டாலும் கிட்ஹப் உங்கள் கோப்புகளை அதன் வழியாகவே செலுத்தும் என்பதும், வேண்டாம் என்றால் அதற்கென ஒரு வெற்றுக் கோப்பை வைத்துத் தெரிவிக்க வேண்டும் என்பதும் விந்தையான ஏற்பாடு. விருந்தினர் 'சாப்பாடு வேண்டாம்' என்று வாசலில் எழுதி ஒட்டும் கதைதான்.

இத்தனைக்கும் இடையே மாணவர்கள் இயற்பியல் குறிப்பைத் தொடவே இல்லை. மூன்றாம் வாரம் என்னிடம் காட்டிய தளத்தில் அழகிய பச்சை நிறத் தலைப்பு இருந்தது. சிறும திசைமாற்றக் கோணம் பற்றி ஒரு வரி இல்லை. அவர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கருவியைக் கற்பிப்பதையே பாடமாக வைத்துக்கொண்டவர்கள்மேல் வந்தது.

வேறு சில இடறுகற்களையும் உங்களுக்குச் சொல்லிவைக்கிறேன். விண்டோஸ் கணினியில் கோப்பின் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு பொருட்டில்லை. சர்வர் எனப்படும் வழங்கிக் கணினியிலோ அவை இருவேறு கோப்புகள். ஆகவே வீட்டில் திறக்கும் பக்கம் இணையத்தில் '404' என்று கைவிரிக்கும். எல்லாப் பெயரையும் சிறிய எழுத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது நம்மவருக்கே உரிய தொல்லை. டி.டி.பி. மையங்களில் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த குறிப்பை அப்படியே பக்கத்தில் ஒட்டினால் தமிழ் வராது. ஆங்கில எழுத்துகளின் குப்பைதான் வரும். அந்த எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளுக்கு உரிய எண்களின் மேல் தமிழ் உருவங்களை ஏற்றி வைத்தவை. 1990களின் பிற்பகுதியில் தமிழ்த் தளங்கள் பலவும் இப்படித்தான் தத்தமக்கென்று ஓர் எழுத்துருவை வைத்திருந்தன. அக்கோப்புகள் இன்று எங்கேனும் கிடைத்தாலும், உரிய எழுத்துரு இல்லையேல் படிக்க முடியாது. யுனிகோடுக்கு மாற்றித்தான் ஏற்ற வேண்டும். பக்கத்தின் தலையில் யு.டி.எஃப்-8 என்று ஒரு வரியில் அறிவித்துவிடவும் வேண்டும்.

இனி முக்கியமான குறைக்கு வருகிறேன். இலவச இடம் என்ற சொல்லில் 'இலவசம்' என்பதையே எல்லோரும் பார்க்கிறோம். அந்த இடம் யாருடையது என்பதைப் பார்ப்பதில்லை.

ஜியோசிட்டீஸ் என்ற பெயரை உங்களில் இளையவர்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். 1994இல் அமெரிக்காவில் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பக்கம் வைத்துக்கொள்ளலாம். பேட்டை பேட்டையாகப் பெயரிட்டு, ஆளுக்கொரு கதவு எண்ணும் தந்தார்கள். லட்சக்கணக்கானோர் குடியேறினர். 1999இல் யாகூ நிறுவனம் அதைச் சுமார் 360 கோடி டாலர் மதிப்புக்கு வாங்கியது. பத்தே ஆண்டுகள், 2009 அக்டோபர் 26 அன்று அமெரிக்கத் தளத்தை மூடிவிட்டது. ஜப்பானியக் கிளை 2019 மார்ச் வரை தாக்குப்பிடித்தது. மூடுவதற்குமுன் ஆர்க்கைவ் டீம் என்ற தன்னார்வலர் குழு இரவு பகலாக முயன்று 650 கிகாபைட்டுக்கு நெருக்கமான அளவை நகலெடுத்துக் காப்பாற்றியது. நகலெடுக்க முடிந்ததே அவை நிலைப்பக்கங்களாக இருந்ததால்தான் என்பதைக் கவனியுங்கள். ஆனால் கோப்பு பிழைத்தாலும் முகவரி பிழைக்கவில்லை. அந்த முகவரிகளை மேற்கோள் காட்டிய புத்தகங்களும் குறிப்பேடுகளும் இன்று வெறுஞ்சுவரைச் சுட்டிக்கொண்டு நிற்கின்றன.

எனக்கும் இவ்வநுபவம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், பெயர் சொல்ல வேண்டாத ஒரு நிறுவனத்தின் இலவசத் தளத்தில் நாற்பது பக்கம் வரை பாடக் குறிப்புகளை எழுதினேன். அங்கேயே தட்டச்சு செய்து, அங்கேயே படம் ஒட்டி, அங்கேயே சேமிக்கும் ஏற்பாடு. என் கணினியில் ஒரு கோப்பும் இல்லை. அந்தச் சேவையை நிறுத்துவதாக அவர்கள் அனுப்பிய மடல் நான் பயன்படுத்தாமல் விட்ட பழைய அஞ்சல் பெட்டிக்குப் போயிருந்தது. பார்த்தபோது ஒன்றரை மாதம் கடந்துவிட்டது. திசையிலி அலகுகள் பற்றி நான் எழுதிய ஒரு பக்கத்தை இன்றும் நினைத்துக்கொள்வேன்; அவ்வளவு தெளிவாக மறுபடி எழுத வரவில்லை. தவறு என்னுடையதுந்தான். மனை இரவல் என்று தெரிந்தும், வீட்டையும் அவர்கள் செங்கல்லிலேயே கட்டினேன்.

இந்த வகையில் கிட்ஹப் பேஜஸ் எவ்வளவோ மேல். அசல் கோப்புகள் உங்கள் கையில் இருக்கின்றன. ஆனால் முகவரி? கிட்ஹப்பின் பெயரோடு முடியும் முகவரி உங்களுடையது அன்று. களஞ்சியத்தின் பெயரை மாற்றினால், களஞ்சியத்துக்கான பழைய இணைப்புகள் புதிய இடத்துக்குத் திருப்பிவிடப்படும். அதிலிருந்து வெளியான தளத்தின் முகவரி மட்டும் திருப்பிவிடப்படாது. 'பழைய பக்கம் இங்கே போய்விட்டது' என்று வழங்கியே அறிவிக்கும் முறையான ஏற்பாடும் நம் கையில் தரப்படவில்லை. மாணவர் நோட்டில் எழுதிவைத்த முகவரி அன்றோடு செத்தது.

அரசியல் காற்று அடித்தாலும் ஆட்டம் காணும். 2014 டிசம்பரில் இந்தியாவில் 32 தளங்களை முடக்க உத்தரவாயிற்று. அப்பட்டியலில் கிட்ஹப்பும் இருந்தது. விரைவிலேயே விலக்கினார்கள். கிட்ஹப்பை 2018இல் மைக்ரோசாஃப்ட் 750 கோடி டாலருக்கு வாங்கியது. 2019இல் அமெரிக்கப் பொருளாதாரத் தடைச் சட்டங்களைக் காட்டி, ஈரான், சிரியா, கிரைமியா ஆகிய இடங்களின் பயனர்களுக்குச் சில வசதிகளை நிறுத்தினார்கள். ஈரானியர்களுக்கு 2021 ஜனவரியில்தான் முழுச் சேவை திரும்பியது. இவற்றில் எதுவும் அங்கே குறிப்பு எழுதிக்கொண்டிருந்த மாணவனின் குற்றம் அன்று.

அப்படியானால் முகவரியையும் இலவசமாகவே பெற்றுக்கொள்ளலாமே என்பீர்கள். அதுவும் நடந்து பார்த்த கதைதான். டி.கே., எம்.எல். போன்ற முடிவுகளைக் கொண்ட முகவரிகளை ஃப்ரீநாம் என்ற நிறுவனம் பல ஆண்டுகள் இலவசமாக அள்ளிக் கொடுத்தது. மோசடிக்காரர்களும் அள்ளிக்கொண்டார்கள். 2023இல் வழக்கு வந்தது, புதிய பதிவுகள் நின்றன. 2024 பிப்ரவரியில் அத்தொழிலையே விட்டு விலகுவதாக அறிவித்தார்கள். ஆகவே இடம் இலவசமாக இருக்கட்டும்; முகவரியை மட்டும் காசு கொடுத்து வாங்குங்கள் என்பது என் கருத்து. இந்தியக் குறியீட்டில் முடியும் சாதாரண முகவரி ஒன்றுக்கு ஆண்டுக்குச் சில நூறு ரூபாய் முதல் ஆயிரம் ரூபாய் வரை ஆகும். முகவரி உங்களுடையதாக இருந்தால், அது எந்த இடத்தைச் சுட்ட வேண்டும் என்பதை நீங்கள் மாற்றிக்கொள்ளலாம். வீடு மாறினாலும் கதவு எண் மாறாத அதிசயம் இணையத்தில் மட்டுமே உண்டு. பயிற்சி வகுப்புகள் இதைக் கடைசிப் பாடமாக, அதுவும் விருப்பப் பாடமாக வைத்திருப்பது எனக்கு விளங்கவில்லை.

இன்னொன்றையும் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். கட்டணமற்ற கணக்கில் தளம் வைக்க வேண்டுமானால் களஞ்சியம் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும். எங்கள் மாணவர்கள் வகுப்புப் பட்டியல் ஒன்றைக் கைப்பேசி எண்களுடன் ஏற்றிவிட்டு, மறுநாள் தவறு என்று உணர்ந்து நீக்கினார்கள். தளத்தில் மறைந்துவிட்டது. களஞ்சியத்தின் வரலாற்றிலோ அது அப்படியே இருந்தது. நேற்றைய நிலையைக் காட்டு என்று கேட்டால் யாருக்கும் காட்டும். பழைய பதிப்புகளைப் பத்திரமாக வைத்திருப்பதே அதன் தொழில் அன்றோ? களஞ்சியத்தையே அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினோம். இரண்டாம் ஆண்டு மாணவிகள் சிலரின் எண்கள் அதில் இருந்தன என்று தெரிந்த அன்று எனக்குச் சரியாக உறக்கம் வரவில்லை.

புதிதாகத் தொடங்கியபோது ஜெகிலைக் கைவிட்டோம். ஒன்பது பக்கம், ஒரு பாணிக் கோப்பு, கோட்டோவியமாகப் பதினொரு படங்கள். மொத்தம் ஒரு மெகாபைட்டுக்குள் அடங்கிவிட்டது. தலைப்பை மாற்ற வேண்டுமானால் ஒன்பது இடத்தில் மாற்ற வேண்டும் என்று ஒரு மாணவர் முறையிட்டார். உண்மைதான். ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவதற்குப் பத்து நிமிடம் போதும் என்றேன். நாற்பது பக்கம் ஆகும் அன்று அவர் ஜெகிலுக்குப் போகட்டும். அப்போது ஏன் போகிறோம் என்பது அவருக்கே தெரிந்திருக்கும்.

பின்னர் ஒரு சோதனையும் செய்து பார்த்தோம். நாளைக்கே கிட்ஹப் கதவைச் சாத்தினால் என்னவாகும்? அதே கோப்புறையை நியோசிட்டீஸ் என்ற மற்றோர் இலவச இடத்துக்குக் குடிபெயர்ப்பது. ஊசல் சோதனைக்கு வைத்திருக்கும் நிறுத்துகடிகாரத்தால் நேரம் பார்ப்பது. கணக்குத் தொடங்குவது முதல் பக்கம் தெரிவது வரை பதினாறு நிமிடம். படங்கள் மட்டும் முதலில் வரவில்லை. இணைப்புகளில் களஞ்சியத்தின் பெயரையும் சேர்த்து முழுப் பாதையாக எழுதியிருந்தார்கள். புதிய இடத்தில் அப்படியொரு பாதை இல்லை. 'இதே கோப்புறையில் உள்ள படம்' என்று சார்புப் பாதையாக மாற்றியதும் வந்துவிட்டன. அதற்கு மேலும் இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. வேறு துறை மாணவர் ஒருவர் வார்ப்புகளும் செருகுநிரல்களும் சேர்த்துக் கட்டிய தம் ஜெகில் தளத்தையும் இவ்வாறே பெயர்க்க முயன்றார். இரண்டு மாலைகள் போயின, பட்டியல் பக்கம் கடைசிவரை சரியாகவில்லை.

முகவரிக்கான பணத்தை நாங்கள் ஆசிரியர்கள் மூவர் பங்கிட்டுக்கொண்டோம். புதுப்பிக்க வேண்டிய தேதியை ஆய்வக இருப்புப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் எழுதி ஒட்டியிருக்கிறது. நான் மாற்றலாகிப் போனாலும் அடுத்து வருபவர் பார்ப்பார். கோப்புகளின் நகல் ஒரு பென் டிரைவில், மடக்கை அட்டவணைகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது.